அம்பத்தூரில் பனி பெய்ததில்லை: ரேடியேட்டருக்குள் நாம் ஊற்றியவற்றின் கதை

பாடியில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஒரு லிட்டர் கூலன்ட் வாங்கிப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பல பாட்டில்களின் முதுகில் சின்னதாக ஒரு அட்டவணை இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்கிற மாதிரி. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். அதற்கே அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் கம்பளியைத் தேடியிருப்பார்கள். மைனஸ் 37-க்கும் நமக்கும் நடுவே ஐம்பது டிகிரி இடைவெளி இருக்கிறது. அப்புறம் எதற்காக இதைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம்?

"தண்ணி ஊத்தினா போதும் சார், கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்கு" என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் தொழில் கற்றுக்கொண்ட வண்டிக்கு அது சரியான பதில். நடுவில் வண்டியின் உலோகம் மாறிவிட்டது, பதில் மட்டும் மாறவில்லை. இந்தக் குறிப்பு அந்த மாற்றத்தைப் பற்றியது. கடைசியில் இன்னொரு விஷயமும் உண்டு: பழைய கூலன்டை இறக்கிய பிறகு அதை எங்கே கொட்டுகிறோம் என்பது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

தண்ணீர்க் காலம்

கணக்கு இதுதான். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மீதியை யாராவது சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்தச் சுமைகூலி வேலைக்குத் தண்ணீரைவிட நல்ல ஆள் கிடையாது. மலிவு, எங்கும் கிடைக்கும், ஒரு கிலோவுக்கு அது பிடித்துவைக்கிற வெப்பமும் அதிகம்.

1886-ல் கார்ல் பென்ஸ் ஓட்டிய முதல் வண்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாகவே போக்கிவிட்டார்கள். ரேடியேட்டர் என்று ஒன்று தனியாக இல்லை. போகிற வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். இதை மாற்றியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900 கடைசியில் தயாரான 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் வண்டிக்காக அவர் செய்த தேன்கூடு ரேடியேட்டரில், 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. குழாய்களுக்குள் காற்று, அவற்றைச் சுற்றித் தண்ணீர். வண்டிக்கு வேண்டிய தண்ணீர் பாதியாகி 9 லிட்டருக்கு வந்தது. இன்றுவரை வந்த ரேடியேட்டர்களெல்லாம் அந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான்.

மெட்ராஸில் 1903-ல் சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் கட்டிய கார் நீராவிக் கார். அதில் தண்ணீர் கொதித்தால்தான் வண்டி ஓடும். அடுத்த சில வருடங்களில் பெட்ரோல் வண்டிகள் இறங்கிவிட்டன, அதிலிருந்து எல்லார் கவலையும் தண்ணீர் கொதிக்கக் கூடாதே என்பதாக மாறிவிட்டது.

பழைய பஸ், லாரிகளின் முன்னால் கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கியதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். டிரைவர் குடிக்கவும் அதுதான், ரேடியேட்டருக்கும் அதுதான். மலை ஏறும்போது, ஏற்காடோ குன்னூரோ, பாதி வழியில் வண்டி ஓரங்கட்டி நிற்கும். கிளீனர் பையன் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறப்பான். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பக்கத்து ஓடையிலிருந்து ஒரு டின் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். ஓடை இல்லையென்றால் கிணறு, கிணறு இல்லையென்றால் வயல் வாய்க்கால். கலங்கல் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினால் அவர் பொறுப்பான டிரைவர் என்று அர்த்தம்.

இது ஏன் செல்லுபடியானது? வண்டி முழுக்க வார்ப்பிரும்பு, பித்தளை, செம்பு. அம்பாசிடர் எஞ்சினில் அடிக்கட்டையும் இரும்பு, மேல் ஹெட்டும் இரும்பு. ரேடியேட்டரின் குழாய்கள் பித்தளை, காற்றுத் தகடுகள் செம்பு, இவற்றை ஒட்டவைப்பது காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. இந்தக் கூட்டணியில் வாய்க்கால் தண்ணீர் ஊற்றினால் கெடும்தான், ஆனால் மெதுவாகக் கெடும். இரும்பு துருப்பிடித்துத் தண்ணீர் செங்காவியாகும், குழாயில் சுண்ணாம்பு படியும். சில வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் வண்டி மறுபடி ஓடும்.

பாடி முதல் ஆவடி வரை

எங்கள் மேற்குப் பக்கம் இந்தக் கதைக்குள் வருவது சுதந்திரத்துக்குப் பிறகு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, அடுத்த வருடம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி, 1961 முதல் அங்கே ஹெரால்டு கார். வண்டி செய்கிறவர்களுக்கு உதிரிபாகம் வேண்டுமே? 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக முளைத்தவை அதற்குத்தான்: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டன்லப் டயர்த் தொழிற்சாலை 1959-லேயே வந்துவிட்டது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பர் 29-ம் தேதி.

அந்த டாங்கியின் வயிற்றில் இருந்த லேலண்ட் எல்60 எஞ்சின் 535 குதிரைசக்தி. டாங்கியில் குளிர்விப்பது காரைவிடப் பெரிய தலைவலி. காரில் முகப்பைத் திறந்து வைத்தாலே காற்று வரும். டாங்கியில் அப்படி ஒரு ஓட்டையை எதிரிக்குக் காட்ட முடியுமா? இரும்புப் பெட்டிக்குள் எஞ்சினைப் பூட்டி, மேலே சாய்வான தகடுகளின் இடுக்கு வழியாக விசிறி வைத்துக் காற்றை இழுக்க வேண்டும். இதே எல்60 குடும்ப எஞ்சின் பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் சிலிண்டர் லைனர் கோளாறுக்கும் ஓயாத கசிவுக்கும் பேர்போனது. அந்த எஞ்சின் நம் ஊர் வழியாக ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போனது.

எனக்கு ஒரு ஊகம் உண்டு, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் வீட்டு போர்ட்டிகோவில் காரைப் பிரித்துப்போடுகிற ஆட்கள் கொஞ்சம் அதிகமாகவே தென்படுவதற்கு இந்தத் தொழிற்சாலைகள்தான் காரணம். ரிட்டையரான ஃபிட்டர் வீட்டில் ரிங் ஸ்பேனர் செட் இருக்கும். அது பக்கத்து வீட்டுக்கும் போய்வரும்.

அந்தக் காலத்தில் ரேடியேட்டர் வேலை மட்டும் வீட்டில் நடக்காது. அதற்குத் தனிக் கடை உண்டு, புதுப்பேட்டையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் வரை. மேல்தொட்டியின் ஈயப்பற்றைச் சூடுகாட்டி உருக்கிப் பிரிப்பார்கள். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டுக் குடைவார்கள். திரும்பப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டையான ஒரு குழாயை மட்டும் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு வண்டியை ஓடவைக்கிற கைவேலை அது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வேலையை எனக்கு முழுசாகக் கொண்டாட மனசு வரவில்லை. பற்றில் இருந்தது காரீயம். ரேடியேட்டர் பழுதுபார்ப்பவர்களின் ரத்தத்தில் காரீயம் ஏறுவது உலகமெங்கும் தொழில்நோய் மருத்துவர்கள் அறிந்த விஷயம். காற்று வராத சின்னக் கடை, நாள் முழுக்க சுடர், அந்தப் புகை.

இனிப்பான எண்ணெய்

இப்போது பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி. எத்திலீன் கிளைக்காலை முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் அடால்ஃப் வுர்ட்ஸ், 1850-களில். நிறமில்லாத, கொழகொழவென்ற, நாக்கில் இனிக்கிற திரவம். கிளைக்கால் என்ற பேரிலேயே இனிப்பு என்ற கிரேக்கச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரொம்ப நாள் அதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. முதல் உலகப்போரில் கிளிசரினுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜெர்மானியர்கள் வெடிமருந்து செய்ய இதைப் பிடித்தார்கள்.

குளிர் நாட்டுக் கார்க்காரர்கள் அதுவரை தண்ணீரோடு சாராயம் கலந்துகொண்டிருந்தார்கள். உறையாது, சரி. ஆனால் எஞ்சின் சூடானால் சாராயம் முதலில் ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் அப்படிப் போகாது, அதன் கொதிநிலையே 197 டிகிரி. 1927-ல் அமெரிக்காவில் ப்ரெஸ்டோன் என்ற பேரில் அது விற்பனைக்கு வந்தது. விற்றது யூனியன் கார்பைடு குடும்பக் கம்பெனி. ஆமாம், பின்னாளில் போபாலில் நாம் கேட்ட அதே பேர்தான்.

கிளைக்கால் வெப்பமான ஊருக்கும் உதவும் என்று காட்டியவர்கள் விமானக்காரர்கள். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சின் ஆரம்பத்தில் சுத்தக் கிளைக்காலில் ஓடியது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், கிளைக்கால் தாக்குப்பிடிக்கும், சூடான திரவத்துக்குச் சின்ன ரேடியேட்டர் போதும் என்பது கணக்கு. பிறகு அதிலும் குறை தெரிந்தது. கிளைக்கால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரைவிட மந்தம், பற்றவும் செய்யும். கடைசியில் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைக்கால், மேலே அழுத்தம் என்று முடிவானது. நம் கார்களில் இருப்பதும் கிட்டத்தட்ட அந்த உடன்பாடுதான், விகிதம் மட்டும் கொஞ்சம் வேறு.

அழுத்தம் என்றது ரேடியேட்டர் மூடியை. 13 பி.எஸ்.ஐ. மூடி போட்டால் வெறும் தண்ணீரே 119 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் என்றால் இன்னும் ஏழெட்டு டிகிரி மேலே. 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. அந்த மாதிரி நாளில் திருமங்கலம் சிக்னலில் ஏசி போட்டு நிற்கிறவருக்கு அந்த ஏழெட்டு டிகிரி பெரிய உபகாரம். சூடான வண்டியில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். உள்ளே 110 டிகிரியில் இருப்பது அழுத்தத்தால்தான் தண்ணீராக இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, மீதியையும் முகத்துக்கு அள்ளிக்கொண்டு வரும்.

அலுமினியம் வந்தது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கூடவே அலுமினிய ஹெட்டும் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போகிறவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை தெரியும். இதற்குள் உலகம் முழுக்க ரேடியேட்டரும் செம்பை விட்டு அலுமினியத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. செம்பு விலை, எடை, இரண்டும் காரணம். மெல்லிய அலுமினியக் குழாய்களையும் தகடுகளையும் அடுக்கி, நைட்ரஜன் நிரம்பிய உலையில் 600 டிகிரி வாக்கில் ஒட்டிவிடுகிறார்கள். மேல் கீழ்த் தொட்டிகள் கண்ணாடியிழை கலந்த நைலான். நடுவில் ஒரு ரப்பர் வளையம், விளிம்பை மடித்து நெரித்துவிட்டால் முடிந்தது.

ஈயம் பற்றவைக்கிற அண்ணனுக்கு இதில் வேலை இல்லை. நைலான் தொட்டி வெயிலிலும் சூட்டிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் மொறுமொறுவென்று ஆகி, விளிம்பில் கீறல் விடும். அதை ஒட்ட முடியாது, அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். கைவினைக் கடையை மூடவைத்த இதே மாற்றம்தான் வேலையை நம் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஹோஸ், நாலு போல்ட், ஒரு விசிறி வயர். யாரும் செய்யலாம்.

ஆனால் அலுமினியம் வாய்க்கால் தண்ணீரைப் பொறுக்காது. அதைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படிகிற மெல்லிய ஆக்சைடு தோல். தண்ணீரில் இருக்கிற குளோரைடு அந்தத் தோலை ஊசிமுனை ஊசிமுனையாகத் துளைக்கும். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அதனால் துளைத்து வெளியே வர அதிக நாள் ஆகாது. பாட்டிலில் நாம் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது, அந்தத் தோலைக் காக்கிற அரிப்புத் தடுப்பு மருந்துகளைத்தான். உறையாமல் இருப்பது இலவச இணைப்பு.

அந்த மருந்துகளிலும் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐரோப்பாவில் பல இடங்களில் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். அங்கே பாஸ்பேட் போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து காறையாகப் படியும். ஆகவே பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் பக்கம் போனார்கள். ஜப்பானில் தண்ணீர் மென்மை, பாஸ்பேட் தொல்லை தராது. அவர்கள் கவலை வேறு: சிலிகேட் வாட்டர் பம்ப்பின் சீலைத் தேய்க்கிறது என்று அதை ஒதுக்கினார்கள். ஜப்பான், கொரியா வண்டிகளுக்கான கூலன்டில் அதனால்தான் பொதுவாகப் பாஸ்பேட் இருக்கும். 1990-களில் கரிம அமிலங்களை வைத்து நீண்டநாள் உழைக்கிற வகை வந்தது.

நம் தெருவில் நிற்கிற கார்களில் பெரும்பாலானவை எந்த நாட்டு வம்சம்? சுசுகி, ஹூண்டாய், டொயோட்டா. நம் வீட்டு போர் தண்ணீர் எந்த வகை? பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற வகை. அதாவது மென்தண்ணீர் ஊருக்காகச் செய்த மருந்தை ஆவடி போர் தண்ணீரில் கலக்குகிறோம். பாஸ்பேட்டும் கால்சியமும் சந்தித்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பாக்காரர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். கூலன்டே ஊற்றாமல் விடுவதைவிட நல்லதுதான் என்றாலும், மருந்தில் ஒரு பகுதி வீணாகி, அதே இடத்தில் காறையும் உட்காரும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோமே, அந்த மாதிரி வருடங்களில் நிலத்தடித் தண்ணீரின் உப்பும் கூடும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் இதற்கு வழி. ஏசி வெளியே சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் காயில் மேலிருந்த தூசி எல்லாம் வரும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பச்சை, சிவப்பு, நீலம் என்கிற நிறங்களை நம்ப வேண்டாம். அது சாயம், ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்குப் போடுவது. பின்னால் ஜே.ஐ.எஸ். கே 2234, ஐ.எஸ். 5759 என்று ஏதாவது தர எண் இருக்கிறதா, வண்டிப் புத்தகம் சொல்கிற வகையா என்று பாருங்கள்.

போர்ட்டிகோவில்

எங்கள் வீட்டு ஹாட்ச்பேக்கில் போன வருடம் நைலான் தொட்டி விளிம்பில் கீறல் விட்டது. கீழ்த் திருகைத் திறந்ததும் வந்தது செங்காவித் தண்ணீர். முன்பு வேலை பார்த்த யாரோ அரை நூற்றாண்டுப் பழக்கத்தை உள்ளே ஊற்றி வைத்திருந்தார்கள்.

வேலையின் வரிசையை விலாவாரியாக எழுதப் போவதில்லை, வண்டிக்கு வண்டி மாறும். இடறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், சில வண்டிகளில் சாவி இல்லாமலே விசிறி சுற்ற ஆரம்பிக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் கியர் ஆயில் குழாய்களும் ரேடியேட்டருக்குள் போய்வரலாம், அவற்றையும் அடைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. சின்ன வண்டியில் மொத்தம் 4, 5 லிட்டர் பிடிக்கும். ஆனால் கீழ்த் திருகு வழியாக எல்லாம் வராது. எஞ்சின் அடிக்கட்டைக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் கணிசமாகத் தங்கிவிடும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால் தங்கியது வெறும் தண்ணீர். அதன்மேல் ரெடிமேடாகக் கலந்த கூலன்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். மொத்தம் 5 லிட்டர், உள்ளே தங்கியது 2 என்று வையுங்கள். கலக்காத கெட்டிக் கூலன்ட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, பாக்கி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். அப்போதுதான் பாதிக்குப் பாதி வரும். கடைசி அலசலும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும், இல்லையென்றால் தங்குகிற அந்த 2 லிட்டர் போர் தண்ணீராகிவிடும்.

அடுத்தது காற்று. உள்ளே குமிழி மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உலோகம் காயும், சூடுமானி பொய் சொல்லும். மெதுவாக ஊற்றுங்கள், ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். நம் ஊரில் யாரும் தொடாத ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள், ஹீட்டருக்குள்ளும் புதுசு போக வேண்டும் இல்லையா? வண்டியை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கிறவரை காத்திருங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மட்டம் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடலாம்.

இறக்கியது எங்கே போகிறது?

செங்காவித் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் கொட்டினால் யாரும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் பச்சைத் தண்ணீரையும் கொட்டுகிறோம். மேற்குப் புறநகரில் மழைநீர்க் கால்வாய்கள் பல கடைசியில் போய்ச் சேருவது ஏரிக்கு. கொரட்டூர் ஏரிக்கும் அம்பத்தூர் ஏரிக்கும் கழிவு வந்து சேருவது பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கிளைக்காலை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், உண்மைதான். ஆனால் தின்கிற வேகத்தில் தண்ணீரின் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடும். பனி உருக்க கிளைக்கால் தெளிக்கிற குளிர்நாட்டு விமான நிலையங்கள் பக்கத்து ஓடைகளில் சந்தித்த பிரச்சினை இதேதான். பழைய வண்டியானால் கூடவே செம்பும் காரீயமும்.

அதைவிட உடனடியான ஆபத்து பேசினில் இருக்கிறது. அது இனிக்கும். நாய் நக்கும், குழந்தை வாய்வைக்கும். உடம்புக்குள் போனதும் முதலில் போதை மாதிரி தள்ளாட்டம். பிறகு கல்லீரல் அதை அமிலமாக மாற்ற, கடைசியில் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்களாக உட்காரும். ஒரு சின்னக் குழந்தைக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் கெட்டிக் கூலன்ட் உயிருக்கே ஆபத்து. குடித்ததாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும்.

இந்தக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைத் தமிழ்நாடு நன்றாக அறியும். எத்திலீன் கிளைக்கால் தயாரிக்கும்போது கூடவே உண்டாகும் டைஎத்திலீன் கிளைக்கால். 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தை இதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடம் அங்கே புது மருந்துச் சட்டமே வந்தது. 1970-களின் தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் காய்ச்சல் சிரப் குடித்த பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சால் இறந்தார்கள். 2025 அக்டோபரில் நாட்டை உலுக்கியது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப். தமிழக அதிகாரிகளின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது தயாரான இடம், நம் கார்கள் தயாராகிற அதே பெங்களூர் சாலைப் பக்கம். மருந்தில் கலந்ததும் காரில் ஊற்றுவதும் ஒன்றில்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். தெளிவாக, இனிப்பாக, கொழகொழவென்று, பார்த்தால் சிரப் மாதிரியேதான் இரண்டும் இருக்கும்.

ஆகவே இறக்கியதை மூடிபோட்ட கேனில் பிடியுங்கள். பழைய ஜூஸ் பாட்டில் கூடவே கூடாது. மேலே பெரிய எழுத்தில் "விஷம், கூலன்ட்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவைப் பிரித்து அனுப்புகிற பெரிய சர்வீஸ் சென்டர் எதிலாவது கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மணல் போட்டு அள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

பாட்டில் வாங்கும்போது இன்னொன்றும் பார்க்கலாம். டெனட்டோனியம் என்று ஒரு பொருள் இருக்கிறது, 1958-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தது, மகா கசப்பு. துளி கலந்தால் போதும், கூலன்டைக் குழந்தை துப்பிவிடும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதைக் கட்டாயமாக்கின. 2012 வாக்கில் அங்கே சில்லறையில் விற்கிற கூலன்டுக்கெல்லாம் கம்பெனிகளே ஒப்புக்கொண்டு சேர்க்க ஆரம்பித்தன. கடையில் எடுக்கிற பாட்டிலில் கசப்புப் பொருள் சேர்த்திருக்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் வாங்கிய மூன்று பாட்டில்களிலும் மைனஸ் எத்தனை டிகிரி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இது இல்லை.